எட்டு நிமிடத்தில் நின்ற டெண்ட்

போன மாதம் ஒரு காலை, அடுப்பிலிருந்து இட்லிப் பானையை இறக்கிக்கொண்டிருந்தபோது செல்வி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் மருத்துவமனையின் கண் முகாம் குழுவை நடத்துகிறவள் அவள்தான். நலம் விசாரிக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிற பழக்கம் அவளுக்கு என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

"அக்கா, டிரெய்லர் டெண்டு போச்சு. கித்தான் துணி தொட்டாக் கிழியுது. புதுசு வாங்கணும். ரெண்டு கம்பெனிக்காரங்க அருப்புக்கோட்டைக்கே கொண்டாந்து விரிச்சுக் காட்டுறோம்ங்கிறாக. அதுல ஒருத்தர் ஆறே நிமிசத்துல நிப்பாட்டிருவாராம்!"

"ஆறா? நாங்க எட்டுக்கே ஏமாந்தோம்டி."

"என்னக்கா சொல்றீங்க?"

"ஒண்ணுமில்ல. நான் வார வரைக்கும் எதுக்கும் தலையாட்டிராத."

போனை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இட்லி ஆறிப்போனது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் ராஜேஸ்வரி, எல்லாருக்கும் ராஜி. பாலவனத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போய், ஓர் அறக்கட்டளைக் கண் மருத்துவமனையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். நான் டாக்டர் இல்லை. டாக்டருக்கு முன்னால் நோயாளியின் கண்ணைப் பார்க்கிறவள். எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்வது, கண்ணாடிக்குப் பவர் கணிப்பது, கருவியை வைத்துக் கண்ணுக்குள் பார்ப்பது இதெல்லாம் என் வேலை. பயிற்சி இரண்டு வருடம். அதில் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உயிருள்ள ஒரு கண்ணின் பின்சுவரை முதன்முதலாகப் பார்த்த அன்று, பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணையெல்லாம் முறைத்துக்கொண்டே வந்தேன். ஓர் அம்மா, "என்னத்தா, எம் மூஞ்சில என்ன எழுதி ஒட்டியிருக்கு?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். எதையும் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அது பிறவிக் குணம்.

முன்பெல்லாம் முகாம்களைப் பள்ளிக்கூடங்களில் நடத்துவோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வகுப்பறை கிடைக்கும். வருகிறவர்களெல்லாம் வயதானவர்கள். வேலைக்குப் போகிற பெண்கள், அதுவும் திருச்சுழிப் பக்கத்துப் பெண்கள், வரவே மாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் நாம் போவோம், நூறு நாள் வேலை நடக்கிற கண்மாய்க்கே போய்ப் பார்ப்போம் என்று டாக்டர் வசந்தா முடிவு செய்தார். கண்மாயில் கட்டிடத்துக்கு எங்கே போவது? கருவேல மரமும் வெயிலும்தான் உண்டு. மூங்கிலும் படுதாவும் கொண்டுபோய் ஆறு மாதம் கட்டிப் பார்த்தோம். கட்டி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் வெயில் ஏறி, பெண்கள் வேலையை முடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்துவிடுவார்கள். நான் போகிற இடமெல்லாம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அந்தப் புலம்பல் அண்ணாச்சியின் காதுக்கும் போனது.

அண்ணாச்சி அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம் செய்கிறவர். எங்கள் முகாம்களுக்குச் சாப்பாடு, பந்தல், மைக் எல்லாம் அவர் உபயம். ஒருநாள் மருத்துவமனைக்கே வந்துவிட்டார்.

"ஏத்தா ராஜி, ஜீப்புக்குப் பின்னால கொக்கி போட்டு இழுத்துட்டுப் போற டெண்டு வந்திருக்காம்ல. போறப்பப் பொட்டி மாதிரி இருக்குமாம், தொறந்தா வீடாயிருமாம். எனக்குப் பாக்கணும்போல இருக்கு. வா, மதுரைக்குப் போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வருவோம்."

எனக்கும் பார்க்க வேண்டும்போல இருந்தது. போனோம். இரண்டு டெண்டுகளை விரித்துக் காட்டினார்கள். ஒன்று பழுப்பு நிறம், கனத்த கித்தான், ஒரே ஒரு சின்ன வாசல். இரண்டு பேர் வியர்க்க விறுவிறுக்க நிறுத்தி முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. மற்றது சந்தன நிறம். பெட்டி மூடியைத் தூக்கியதும் கம்பிகள் குடை விரிவதுபோல் தாமாக எழுந்தன. நாலு பக்கமும் வலை போட்ட ஜன்னல். அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எட்டு நிமிசம்த்தா! எட்டே நிமிசம்! உள்ள வந்து பாரு, காத்து எப்படிப் பிச்சுக்கிட்டு வருதுன்னு."

நான் கை தட்டினேன். ஆமாம், நான்தான். மூங்கில் தூக்கித் தூக்கித் தோள்பட்டை வீங்கியவளுக்கு அந்த எட்டு நிமிடம் வரமாகத் தெரிந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காற்றோட்டம் என்று சொன்னால் போதும், அதற்கு மேல் எதையும் விசாரிக்க மாட்டோம். "உள்ளே இருட்டாக இருக்கவேண்டுமே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "கறுப்புத் துணி தருகிறோம் மேடம், ஜன்னலுக்கு உள்பக்கமாகக் கிளிப் போட்டுக்கொள்ளலாம்" என்றார் கடைக்காரர். சரியென்று தலையாட்டிவிட்டேன்.

இருட்டு எதற்கு என்று கேட்பீர்கள். கண்ணின் பின்சுவரில் நரம்பு வந்து சேர்கிற இடம் ஒரு வட்டமாகத் தெரியும். அந்த வட்டத்தின் நடுவே ஒரு குழி. குழி சிறியதாக இருந்தால் நல்லது. அது அகன்று வெளுத்துப்போனால் கண் அழுத்த நோய் என்று சந்தேகப்பட வேண்டும். வலி இருக்காது, எழுத்துப் பலகையையும் கடைசி வரிவரை வாசித்துவிடுவார்கள், ஆனால் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். போனது திரும்ப வராது. அந்தக் குழியைப் பார்க்கக் கண்மணி விரியவேண்டும். சொட்டு மருந்து விட்டு விரிக்கலாம், ஆனால் மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் கண் கூசும், மண்வெட்டி பிடிக்க முடியாது. ஆகவே கண்மாயில் எங்களுக்கு இருட்டுதான் மருந்து. இருட்டில் ஒரு நிமிடம் உட்காரவைத்தால் கண்மணி தானாக விரியும். விளக்குள்ள கருவியை வைத்துக்கொண்டு, அவர்கள் மூச்சு நம் கன்னத்தில் படுகிற அளவுக்கு நெருங்கி, உள்ளே பார்க்கவேண்டும்.

டெண்ட் வந்து சேர்ந்த அன்று அண்ணாச்சி குத்துவிளக்கு ஏற்றினார். "வாசல் மட்டும் கெழக்க பாத்து இருக்கட்டும்த்தா. எங்க குடும்பத்துல எதைத் தொடங்குனாலும் அப்படித்தான்" என்றார். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் எங்கள் டிரைவர் கருப்பசாமி அண்ணன் டிரெய்லரை முன்னும் பின்னும் எடுத்து, வாசல் கிழக்கே வருகிற மாதிரி நிறுத்துவார். காலை எட்டு மணிக்கு எங்கள் சீமையின் வெயில் கிழக்கு வாசல் வழியாக எப்படி வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

டாக்டர் வசந்தாவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. முகாம் தொடங்குமுன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நோயாளி உட்காரும் ஸ்டூலில் தானே உட்காருவார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி ஒரு நிமிடம். பிறகு எழுந்து, "அந்த மூலையில் வெளிச்சம் வருது" என்பார், அல்லது "ம்" என்பார். அந்த "ம்" கேட்டால்தான் முதல் ஆளைக் கூப்பிடுவோம். அவர் இருந்த நாட்களில் கறுப்புத் துணி ஒழுங்காகக் கட்டப்பட்டதற்கு அதுதான் காரணம்.

ஆனால் ஓர் ஆடி மாதத்து நாளில் அவருக்கு மருத்துவமனையில் ஓர் அறுவை சிகிச்சை இருந்தது. "நான் மதியம் வாரேன் ராஜி, நீ ஆரம்பிச்சிரு. சந்தேகமா இருக்கிறவங்களை மட்டும் எனக்கு நிறுத்தி வை" என்று சொல்லி அனுப்பினார். திருச்சுழியைத் தாண்டி ஒரு கண்மாய்க் கரை. டெண்ட் எட்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. நின்ற உடனே பெண்கள் தலைத்துண்டை உதறிக்கொண்டு வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள். கரிசல் மண் வெடித்துக் கிடந்ததால் முளைகள் பிடிக்கவில்லை. அடித்தால் பாதி முளை வெடிப்புக்குள் போய்விடும். காற்று வேறு. கறுப்புத் துணியை நான் ஒரு பக்கம் மாட்ட, மறுபக்கம் கிளிப் தெறித்து விழுந்தது. வெளியே, "யம்மா, வெரசா வா, வேலை மேஸ்திரி ஆளைக் கூப்பிடுறாக" என்று குரல். போதும் என்று ஆரம்பித்துவிட்டேன். வெளிச்சம் வருகிற பக்கம் குடையைப் பிடித்து மறைத்துக்கொண்டேன். குடை!

அன்று வந்தவர்களில் ஒருத்தி பேச்சியம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், வாட்டசாட்டமான ஆள், வாய் ஓயவில்லை.

"ஊசில நூலு கோக்க முடியல தாயி. மத்தபடி கண்ணு கழுகுக் கண்ணு."

எழுத்துப் பலகையை இரண்டு கண்ணாலும் நன்றாகத்தான் வாசித்தாள்.

"வேற ஒண்ணும் தொந்தரவு இல்லையே ஆத்தா?"

"தொந்தரவெல்லாம் ஆட்டாலதான். எங்கிட்ட ஒரு வெள்ளாடு இருக்கு, சரியான கள்ள ஆடு. எப்பப் பாரு, எடது பக்கமா நைசா நழுவிரும். பக்கத்துலயே நிக்கும், எனக்குத் தெரியாது."

"ஆடு உன்னைய விட வெவரமா இருக்கு" என்றேன் நான். அவளும் சிரித்தாள், வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். கருவியை வைத்துப் பார்த்தேன். கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது. உள்ளே ஒரு சிவப்பு வெளிச்சம் தெரிந்தது, அவ்வளவுதான். வரிசையைப் பார்த்தேன். கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி என்று எழுதிச் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மதியம் டாக்டர் வந்தார். வெயில் உச்சிக்கு ஏறியிருந்ததால் வாசலில் வெளிச்சம் குறைந்திருந்தது. அப்படியும் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். ஒரு நிமிடம் ஆனது. "ம்" வரவில்லை.

"ராஜி, உன் மூக்குத்தி கல்லு எனக்கு நல்லாத் தெரியுதே. காலையில வெயில் நேரே விழுறப்போ எவ்வளவு வெளிச்சமா இருந்திருக்கும்?"

நான் மூக்குத்தியைக் கையால் மறைத்தேன்.

"இன்னைக்கு எத்தனை பேருக்கு உள்ளே பார்த்தே?"

"எல்லாரையும் பாத்தேன் டாக்டர்."

"பார்த்தது சரி. தெரிஞ்சுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. "இல்ல டாக்டர்" என்றேன். திட்டினால் நானும் திருப்பிப் பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் திட்டவில்லை. பதிவேட்டை எடுத்துக் கடைசிப் பெயரிலிருந்து மேலே போனார். "எல்லாரையும் திரும்பப் பார்க்கணும். யாராவது ஏதாவது விநோதமாச் சொன்னாங்களா? யோசி."

அந்த நிமிடம்தான் ஆடு ஞாபகத்துக்கு வந்தது. இடது பக்கம் நழுவுகிற ஆடு. ஆடு எங்கேயும் நழுவவில்லை, அவளுடைய இடது கண்தான் நழுவிக்கொண்டிருக்கிறது. என்னிடம் நோயை அவள் தன் வாயாலேயே சொன்னாள், நான் அதை வைத்து வேடிக்கை பண்ணினேன்.

துணியை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு அன்றும் மறுநாளும் எல்லாரையும் வரவழைத்துத் திரும்பப் பார்த்தோம். பேச்சியம்மாள் மட்டும் வரவில்லை. பதிவேட்டில் நான் எழுதியிருந்தது பெயரும் ஊரும்தான். அந்த ஊர்ச் சாமியின் பெயரே அதுதான், தெருவுக்கு இரண்டு பேச்சியம்மாள் இருந்தார்கள். "எந்தப் பேச்சி? மச்சு வீட்டுப் பேச்சியா, காதறுந்த பேச்சியா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். "கள்ள ஆடு வச்சிருக்கிற பேச்சி" என்றேன். "அப்படிச் சொல்லுங்க" என்று உடனே வீட்டைக் காட்டினார்கள். வீட்டில் மருமகள் இருந்தாள்.

"அத்தை வீரசோழன் சந்தைக்குப் போயிருக்காக. அந்தச் சனியன் பிடிச்ச ஆட்டை வித்துட்டுத்தான் வருவேன்னு இழுத்துட்டுப் போயிட்டாக."

ஜீப்பை விரட்டினோம். டாக்டரும் கூடவே வந்தார். வீரசோழன் கடைத்தெருவில் ஒரு புண்ணாக்குக் கடை முன்னால் ஆட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பேரம் பேசிக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய இடது பக்கமாகப் போய் நின்றேன். அவளுக்குத் தெரியவில்லை. கையைத் தொட்டதும்தான் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"ஆத்தி! நீயா தாயி? அதான் கண்ணாடிக்கு எழுதிக் குடுத்துட்டியே, இன்னும் என்ன?"

"தப்பாப் பாத்துட்டேன் ஆத்தா. ஒரே ஒரு தடவை பாத்துக்கிறேன்."

பார்க்க இருட்டு வேண்டுமே. கடைக்காரர் ஒரு பாய், நாங்கள் முழிப்பதைக் கவனித்துவிட்டு, "என்னம்மா வேணும் ஒங்களுக்கு?" என்றார். இருட்டு வேண்டும் என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "குடோன்ல உக்காருங்க, ஆட்டை நான் பிடிச்சுக்கிறேன்" என்று எங்களை உள்ளே விட்டு, வெளியிலிருந்து ஷட்டரை இழுத்தார். ஒரே இழுப்பு. புண்ணாக்கு வாடையும் கும்மிருட்டும்.

"நீயே பாரு" என்றார் டாக்டர்.

வலது கண்ணைப் பார்த்தேன். குழி கொஞ்சம் பெரிதுதான், ஆனால் சுற்றிலும் நல்ல நிறம் இருந்தது. இடது கண்ணைப் பார்த்தேன். வட்டம் முழுக்கக் குழி. வெள்ளைவெளேரென்று. கருவியை டாக்டரிடம் நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு, பேச்சியம்மாளின் கையைப் பிடித்து நிதானமாகச் சொன்னார். இடது கண்ணில் போனது போனதுதான், மிச்சத்தையும் வலது கண்ணையும் காப்பாற்றலாம், காலையும் மாலையும் சொட்டு மருந்து விடவேண்டும், ஆயுசுக்கும் விடவேண்டும்.

வெளியே ஆடு கத்தியது.

"அப்ப அது கள்ள ஆடு இல்லையா?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இருட்டாக இருந்ததில் ஒரு சௌகரியம், யாரும் பார்க்கவில்லை. அந்த ஆட்டை அவள் விற்கவில்லை.

திரும்பி வரும்போது டாக்டர் ஒன்றே ஒன்று கேட்டார். "ராஜி, அந்தக் கடைக்காரர் ஒரு இழுப்புல செஞ்சதை நம்ம டெண்ட்ல ஏன் செய்ய முடியல?" கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குப் பதில் வேண்டாம், நான் யோசிக்கவேண்டும், அவ்வளவுதான்.

யோசித்தேன். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து முகாம்களில் ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்தேன். டெண்ட் நிற்க எட்டு நிமிடம். முளை அடிக்கப் பத்து. கறுப்புத் துணி மாட்ட முப்பத்தைந்து! காற்று அடித்தால் அதற்கும் மேல். மதுரைக் கடைக்காரர் டெண்ட் நிற்பதைத்தான் கணக்கில் காட்டினார். எங்களுக்கு இருண்டால்தான் டெண்ட். இன்னொன்றும் புரிந்தது. டெண்ட் நின்ற உடனே வரிசை சேர்ந்துவிடுகிறது. வரிசை சேர்ந்தபின் மிச்சமிருக்கிற வேலை எதுவோ அதைத்தான் கை தட்டிக்கழிக்கும். ஆகவே இருட்டு கடைசி வேலையாக இருக்கவே கூடாது, டெண்ட் எழும்போதே கூட எழவேண்டும். ஒரு டெய்லரைப் பிடித்து, கறுப்புத் துணியை இரட்டையாக மடித்து ஜன்னல்களோடு சேர்த்து நிரந்தரமாகத் தைக்கவைத்துவிட்டேன். நிறுத்த இருபது நிமிடம் ஆனது. கருப்பசாமி அண்ணன் முனகினார். முனகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மிச்சம் அந்தக் கிழக்கு வாசல். அண்ணாச்சியிடம் சொல்ல எனக்குப் பயம். கொடுத்தவர் மனசு நோகக்கூடாதே. இரண்டு வாரம் தள்ளிப்போட்டுவிட்டுக் கடைக்குப் போய் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நூல்கண்டைக் கீழே வைத்தார்.

"அட கிறுக்குப் பிள்ள! வெளக்குக் கெழக்க பாத்து எரிஞ்சாப் போதும்த்தா. வாசலை எங்கிட்டு வேணாலும் திருப்பிக்கோ. இதை அன்னைக்கே கேக்குறதுக்கு என்ன?"

ஒரு வருடம் முழுக்க நாங்கள் யாரும் கேட்காத கேள்வி அது. எதையும் திறந்து பார்க்காமல் விடமாட்டேன் என்று பீற்றிக்கொள்கிற நான்தான் அதைக் கேட்காமல் விட்டேன். அதன் பிறகு வாசல் வடக்கே போனது, விளக்கு வெளியே ஒரு முக்காலியில் கிழக்கே பார்த்து எரிந்தது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் செல்வி சொன்ன நாளில் பஸ் ஏறினேன். பேச்சியம்மாளுக்கு அன்று மருந்து வாங்குகிற நாள். போனில் சொல்லி அவளையும் வரச் சொல்லியிருந்தேன். இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. மருத்துவமனைக்குப் பின்னாலுள்ள மைதானத்தில் இரண்டு டெண்டுகளும் பெட்டியாக இருந்தன. ஆறு நிமிடக்காரர் சொன்னபடி ஆறு நிமிடத்தில் நிறுத்திவிட்டார். செல்விக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் ஒரு ஸ்டூலை உள்ளே போட்டுப் பேச்சியம்மாளை உட்காரவைத்தேன்.

"நல்ல காத்தோட்டமா இருக்கு தாயி. அந்தா பாரு, ரோட்டுல எங்க ஊரு பஸ்ஸு போகுது."

"எந்திரி ஆத்தா, போதும்."

அடுத்ததற்குப் பத்தொன்பது நிமிடம் ஆனது. நான் எண்ணிக்கொண்டே நின்றேன். உள்ளே ஒரு கறுப்புத் துணி உறை கூரையோடு கூரையாகவே எழுந்தது. வாசலில் இரண்டு மடிப்புத் திரை. ஒன்றைத் தாண்டித் திரும்பினால்தான் அடுத்தது. இந்தக் கம்பெனிக்காரரிடம் பெருமையடிக்க எட்டு, ஆறு என்று சின்ன எண் எதுவும் இல்லாததால் வாயைத் திறக்காமல் ஒதுங்கி நின்றார். பேச்சியம்மாளை உட்காரவைத்துத் திரையை விட்டோம். செல்வி, நான், அவள் மூன்று பேரும்தான் உள்ளே.

"தாயி…" அவள் குரல் மாறியிருந்தது. கையால் காற்றைத் துழாவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுமே தெரியலையே."

இந்த வார்த்தையை முப்பது வருடம் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் நெஞ்சு கனத்துப்போகும். அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

"கண்ணு தெரியலைங்கிறேன், இவ சிரிக்கிறா! அடி கூறுகெட்டவளே!"

"ஒனக்கு மட்டுமில்ல ஆத்தா, எங்களுக்கும் தெரியல. செல்வி, இதையே வாங்கு. வாங்குறதுக்கு முன்னால ஒரு தடவை உள்ள பாரு."

செல்வி கருவியின் விளக்கைப் போட்டாள். வலது கண்ணைப் பார்த்தாள். இடது கண்ணைப் பார்த்தாள். மறுபடி வலது. நேரம் எடுத்துக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னடி? சொல்லித் தொலையேன்."

"அப்படியே இருக்குக்கா. ஆஸ்பத்திரில முன்னாடி எடுத்த கண்ணுப் படத்துல இருக்கிற மாதிரியே. ஒரு நூலு கூடப் போகல."

பேச்சியம்மாள் புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். நான் இரண்டு மடிப்பையும் விலக்கிப் பிடித்தேன். வெயில் பளீரென்று விழுந்தது. வாசலில் நின்று, இடது பக்கம் தலையை முழுசாகத் திருப்பி, யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் காலை எடுத்து வைத்தாள்.